நாற்பது ஆண்டுப் பட்டிமன்றம்

கான்கார்டு விமானத்துக்கு ஓய்வு கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டை 2003இல்தான் வெடித்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிடையாது. அந்த விமானத்துக்கு முதல் ரிவெட் அடிக்கும் முன்பே, அதை இழுத்து மூடு என்று ஓர் அணியும், மூடினால் நாட்டு மானம் கப்பலேறிவிடும் என்று எதிரணியும் மேடையேறிவிட்டன. நாற்பது வருஷம் நடந்த பட்டிமன்றம். நடுவர் வரவே இல்லை. கடைசியில் கணக்குப்பிள்ளை வந்து மைக்கைப் பிடுங்கினார்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் வயிற்றெரிச்சல். பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்த முதல் ஜெட் விமானம் பிரிட்டனுடையது. காமெட் என்று பேர். அது நடுவானில் பிளந்து, ஏன் பிளந்தது என்று கண்டுபிடித்துத் திருத்தி முடிப்பதற்குள் அமெரிக்காவின் போயிங் 707 வந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்டது. சரி, அவன் ஒலிக்குப் பின்னால் போகட்டும், நாம் ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போய்க் காட்டுவோம் என்று 1956இல் பிரிட்டன் ஒரு குழு போட்டது. குழு போடுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நமக்கே அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள்தானே. குழு கூடியது, யோசித்தது, முடியும் என்றது. எவ்வளவு ஆகும் என்று கேட்டபோதுதான் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களும் கிட்டத்தட்ட அதே படத்தை வரைந்து வைத்துக்கொண்டு, அதே மாதிரி கையில் காசில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். காசில்லாத இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு பணக்காரன் ஆகிவிடலாம் என்ற அரிய பொருளாதாரக் கொள்கை அங்கே பிறந்தது.

1962 நவம்பர் 29 அன்று லண்டனில் ஒப்பந்தம். பிரிட்டன் தரப்பில் கையெழுத்துப் போட்டவர் விமானத் துறை அமைச்சர் ஜூலியன் அமேரி. பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லனின் மாப்பிள்ளை. மாமனார் பிரதமர், மாப்பிள்ளை அமைச்சர் என்ற ஏற்பாட்டை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தம் என்றால் கிட்டத்தட்டக் கல்யாணம். தாம்பூலம் மாற்றும்போதே பெண்வீட்டுக்கு ஒரு சந்தேகம்: பாரிஸ் மாப்பிள்ளை பாதியில் கம்பி நீட்டிவிட்டால்? ஆகவே, எந்தக் காலத்திலும் எந்தக் காரணத்துக்காகவும் தனியாகப் பிரிந்துபோக வழியில்லாதபடி வாசகத்தை எழுத வைத்தது பிரிட்டன். அதுவும் இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் போட்ட காகிதம் அல்ல, இரண்டு அரசுகளின் சர்வதேச உடன்படிக்கை. பூட்டிய பூட்டின் சாவியைத் தூக்கி தேம்ஸ் நதியில் போட்டாயிற்று.

ஒன்றரை மாதம் கழித்து, 1963 ஜனவரி 14 அன்று, பிரெஞ்சு அதிபர் தெகோல் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். பிரிட்டனை ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சம்பந்தி வீட்டில் கால் வைக்கக்கூடாது, ஆனால் கல்யாணச் செலவில் பாதி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1964 அக்டோபரில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. ஹெரால்ட் வில்சன் கஜானாவைத் திறந்து பார்த்தார். உள்ளே பெரும்பாலும் காற்று. வெட்டிப் பெருமைத் திட்டங்களையெல்லாம் வெட்டுவோம் என்று தீர்மானித்து, பட்டியலின் தலையிலேயே கான்கார்டை எழுதினார்கள். பாரிஸுக்குத் தகவல் போனது. தாராளமாக நிறுத்துங்கள், ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தில் சந்திப்போம் என்று பதில் வந்தது. அரசு வக்கீல்கள் உடன்படிக்கையை எடுத்துப் படித்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டார்கள்: நிறுத்தினாலும் பணம் கொடுக்க வேண்டும், கையில் விமானமும் இருக்காது. பிரெஞ்சுக்காரன் ஓடிவிடக்கூடாது என்று பிரிட்டன் திரித்த கயிறு பிரிட்டனின் காலையே சுற்றிக்கொண்டது. 1965 ஜனவரியில், நன்றாக யோசித்துத் தொடர்வதென்று முடிவெடுத்திருக்கிறோம் என்று ஓர் அறிக்கை வந்தது. நன்றாக யோசித்தது உண்மைதான். யோசித்தவர் போன அரசாங்கத்து மாப்பிள்ளை.

கான்கார்டின் நெருக்கடிகளில் பாதிக்கு இதுதான் விடை. இவ்வளவு நஷ்டத்தில் ஏன் நடத்தினார்கள் என்று புத்திசாலிகள் இன்றும் கேட்கிறார்கள். நடத்துவதற்குக் காரணம் எதுவும் இருந்ததில்லை. நிறுத்துவதற்கு வழி இல்லாமல் இருந்தது.

பேரிலும் ஒரு தகராறு. பேரின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் ஓர் ஆங்கில ‘இ’ எழுத்தை வைத்திருந்தார்கள். தெகோல் மேலிருந்த கடுப்பில் மேக்மில்லன் அதை வெட்டினார். 1967 டிசம்பரில் துலூஸ் நகரத்தில் முதல் விமானத்தைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்தபோது, தொழில்நுட்ப அமைச்சர் டோனி பென் அந்த எழுத்தைத் திருப்பிக் கொடுத்தார். இங்கிலாந்து, ஐரோப்பா, மேன்மை எல்லாமே ஆங்கிலத்தில் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன என்றார். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. விமானத்தில் எங்கள் ஊர் வேலையும் இருக்கிறது, இங்கிலாந்து என்று எப்படிச் சொல்லலாம்? பிரெஞ்சில் ஸ்காட்லாந்துக்கும் அதே முதலெழுத்துதான் என்று பென் சமாளித்தார். ஊதாரித்தனத்துக்கும் அதே எழுத்துதான் என்பதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். அவருடைய தொகுதி பிரிஸ்டல், விமானத்தில் பிரிட்டனின் பங்கு உருவானதும் பிரிஸ்டலில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 முதல் 17 கோடி பவுண்டில் முடிந்துவிடும் என்று தொடங்கிய வேலை, சேவைக்கு வந்தபோது நூறு கோடியைத் தாண்டியிருந்தது.

இதற்கிடையில் அமெரிக்காவுக்கும் ஜுரம் தொற்றியது. 1963 ஜூனில் பான் ஆம் கம்பெனி ஆறு கான்கார்டுக்குத் துண்டு போட்டு வைத்தது. அதிபர் கென்னடிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அடுத்த நாளே, நாமும் செய்வோம், இன்னும் பெரிதாக, இன்னும் வேகமாக என்று அறிவித்தார். போயிங் 2707 என்று பேர் வைத்து மர மாதிரியெல்லாம் செய்தார்கள்.

ஆனால் ஒலியை முந்தும் விமானம் போகிற வழியெல்லாம் தரையில் ஒரு வெடிச்சத்தத்தை இழுத்துக்கொண்டே போகும். அதை ஜனங்கள் தாங்குவார்களா என்று பார்க்க, 1964 பிப்ரவரி முதல் ஜூலை வரை ஓக்லஹோமா நகரத்தின் மேல் ராணுவ ஜெட்களைப் பறக்கவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து நாளொன்றுக்கு எட்டு வெடி. மொத்தம் 1,253. ஊர்ப் பெரிய மனிதர்கள் இதனால் வேலைவாய்ப்பு பெருகும் என்று வரவேற்றார்கள். முதல் பதினான்கு வாரத்தில் நகரின் இரண்டு உயரமான கட்டடங்களில் மட்டும் 147 கண்ணாடிகள் உடைந்தன. கண்ணாடிக்கடைக்காரருக்கு வேலைவாய்ப்பு பெருகியது. பழகிவிடுமா என்று ஜனங்களிடம் கேட்டார்கள். கால்வாசிப் பேர் ஜென்மத்துக்கும் பழகாது என்றார்கள். முக்கால்வாசிப் பேர் பழகிக்கொள்வோம் என்றார்களே என்று அதிகாரிகள் சந்தோஷப்பட்டார்கள். அதிகாரிகள் எல்லா ஊரிலும் ஒரே அச்சு.

கடைசியில் 1971 மார்ச்சில் அமெரிக்க செனட் 51க்கு 46 என்ற கணக்கில் போயிங்கின் கனவுக்குப் பணம் தர மறுத்தது. பட்டிமன்றத்தில் ஒழுங்காக ஓட்டெடுத்துத் தீர்ப்புச் சொன்ன நாடு அது ஒன்றுதான். சோவியத் யூனியன் ஓட்டெடுப்பு என்ற வழக்கமே இல்லாத இடம். 1968 டிசம்பர் 31 அன்று, வருஷம் முடிய சில மணி நேரம் இருக்கும்போது, கான்கார்டுக்கு இரண்டு மாதம் முந்தி, ஒலியை முந்தும் தங்கள் விமானமான டியூ-144ஐப் பறக்கவிட்டு முதல் பரிசைத் தட்டிக்கொண்டுபோனார்கள். பயணிகள் சேவை 1977 நவம்பரில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிந்தது. மொத்தம் 55 பயணம். உள்ளே இருந்த இரைச்சலில் பக்கத்து சீட்டுக்காரரோடு பேசத் தொண்டை கிழியக் கத்த வேண்டுமாம்.

கான்கார்டு 1969 மார்ச் 2 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஊர்ப்பட்ட கம்பெனிகள் துண்டு போட்டு வைத்திருந்தன. நம் ஏர் இந்தியாவும் இரண்டுக்கு. 1973 ஜனவரியில் பான் ஆம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தது. அதே நாளில் இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான டி.டபிள்யூ.ஏ.வும் எழுந்தது. பிறகு ஒவ்வொருவராக, பந்தியில் சாம்பார் தீர்ந்துபோன செய்தி கேட்ட மாதிரி. மிஞ்சியது பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏர் பிரான்ஸும் மட்டும். இரண்டும் அரசாங்கக் கம்பெனிகள். வேண்டாம் என்று சொல்ல அவற்றுக்கு வாய் ஏது? கட்டியது இருபது, சேவைக்கு வந்தது பதினான்கு.

1976 ஜனவரி 21 அன்று ஒரே நேரத்தில் இரண்டு ஊரிலிருந்தும் கிளம்பின. லண்டனிலிருந்து பஹ்ரைனுக்கு ஒன்று, பாரிஸிலிருந்து டாக்கர் வழியாக ரியோவுக்கு ஒன்று. ஏன் பஹ்ரைன்? அங்கே போக லண்டனில் யாரும் தவம் கிடக்கவில்லை. போக வேண்டிய ஊர் நியூயார்க்; அந்த ஊர் கதவைச் சாத்திவைத்திருந்தது.

நியூயார்க் எதிர்ப்பு தனி ரகம். கென்னடி விமான நிலையத்தைச் சுற்றியிருந்த குடியிருப்புக்காரர்கள் உண்ணாவிரதம் இருக்கவில்லை, பஸ்ஸை மறிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் ஏறி, விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் வரிசையாக ஆமை வேகத்தில் ஓட்டினார்கள். வேகத்தை எதிர்த்து மெதுவாக நடத்திய போராட்டம்! போலீஸ் என்ன செய்யும்? மெதுவாக ஓட்டியதற்கா கேஸ் போட முடியும்? வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1977 அக்டோபரில் தடை உடைந்தது. இரண்டு நாள் கழித்து கான்கார்டு வந்து இறங்கியது. மறுநாள் மேலே கிளம்பும்போது சத்தமானிகளோடு ஊரே காத்திருந்தது. சக்கரம் தரையை விட்ட சில நொடிகளில் விமானி இடதுபக்கமாக ஒரு சாய்ப்புச் சாய்த்துக் கடலை நோக்கித் திரும்பிவிட்டார். அளவைத் தாண்டவில்லை. பரீட்சை நாளில் மட்டும் ஒழுங்காக எழுதும் பையனின் கெட்டிக்காரத்தனம் என்று எதிர்ப்பாளர்கள் முணுமுணுத்தார்கள்.

கிழக்கே அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 1977 டிசம்பரில் பஹ்ரைன் வழியாக சிங்கப்பூருக்கு ஒரு சேவை தொடங்கினார்கள். விமானத்தின் ஒரு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம், மறுபக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம். நின்று பார்த்த பக்கத்தைப் பொறுத்து விமானம் யாருடையது என்பது மாறும். மூன்றே தடவை போய்வந்தது. எங்கள் வான்வெளியில் இந்தச் சத்தம் ஆகாது என்று மலேசியா நிறுத்திவிட்டது. இந்தியாவும் தன் நிலத்தின் மேல் ஒலியை முந்தக்கூடாது என்று சொல்லியிருந்தது. எப்படியோ 1979இல் மறுபடி ஆரம்பித்து, 1980இல் கைகழுவினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் பிரானிஃப் கம்பெனி வாஷிங்டனிலிருந்து டல்லஸுக்கு கான்கார்டை ஓட்டியது. வழியெல்லாம் நிலம், நிலத்தின் மேல் ஒலியை முந்தத் தடை. உலகத்திலேயே வேகமான பயணிகள் விமானத்தில், மற்ற விமானங்களைவிட ஏதோ கொஞ்சம் சீக்கிரமாகப் போய்ச் சேரலாம். கூட்டம் வரவில்லை.

இந்த இடத்தில் கதை அழுதுவடிகிறது என்று நீங்கள் நினைத்தால், லார்டு கிங் வருகிறார். பிரிட்டிஷ் ஏர்வேஸைத் தனியாருக்கு விற்கத் தயார்செய்ய பிரதமர் தாட்சர் அனுப்பிய தலைவர். 1984இல் விமானங்களையும் உதிரிபாகங்களையும் அரசிடமிருந்து 1.65 கோடி பவுண்டுக்கு மொத்தமாக வாங்கிப்போட்டார்கள். நூறு கோடிக்கு மேல் கொட்டிய வரிகட்டிக்கு அதில் கிடைத்தது என்ன என்று கேட்காதீர்கள். பிறகு அடிக்கடி பறக்கும் சீமான்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் டிக்கெட் விலை என்ன? பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. டிக்கெட் வாங்குவது காரியதரிசி, பணம் கொடுப்பது கம்பெனி. சும்மா ஊகித்துச் சொல்லுங்கள் என்றபோது, நிஜ விலையைவிட அதிகமாகச் சொன்னார்கள். அப்படியா சங்கதி என்று கட்டணத்தை அவர்கள் ஊகித்த இடத்துக்கே ஏற்றிவிட்டது கம்பெனி. ஒருவரும் முனகவில்லை. லாபம் வர ஆரம்பித்தது. வியாபாரக் கல்லூரிகளில் இதைவிட நல்ல பாடம் நடத்துகிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

அந்தப் பணத்துக்கு உள்ளே என்ன இருந்தது? பக்கத்துக்கு இரண்டாக நான்கு சீட், நடுவில் ஒடுக்கமான நடை, உள்ளங்கை அகலத்தில் ஜன்னல். நெட்டையானவர்கள் தலையைக் குனிந்துதான் போக வேண்டும். ஆனால் 60,000 அடி உயரத்தில் பூமி வளைந்திருப்பது தெரியும், வானம் கருநீலமாகிவிடும், லண்டனில் சாயங்காலம் கிளம்பினால் அஸ்தமித்த சூரியன் மேற்கே திரும்பவும் உதிக்கும். முன்னால் ஒரு பலகையில் வேகம் ஓடிக்கொண்டிருக்கும். மாக் 2, அதாவது ஒலியைப் போல இரண்டு மடங்கு, வந்ததும் ஷாம்பெயின். அந்த வேகத்தில் காற்று உரசி மூக்கு நுனி 127 டிகிரிக்குப் போய்விடும், விமானமே சூட்டில் ஒரு சாண் நீளும். நீளும்போது விமானப் பொறியாளரின் கருவிப் பலகைக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து திறந்துகொள்ளும், கைவிரல்கள் நுழையும் அளவுக்கு. இறங்கி ஆறியதும் மூடிக்கொள்ளும். வெள்ளை வண்ணமும் சூட்டுக்காகத்தான். 1996இல் ஒரு குளிர்பானக் கம்பெனி விளம்பரத்துக்காக ஏர் பிரான்ஸ் தன்னுடைய ஒரு விமானத்துக்கு நீலம் பூசியது. நீலம் வெயிலையும் சூட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால், முழு வேகத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் போகாதே என்று விமானிகளுக்கு உத்தரவு. பெப்சி விளம்பரத்துக்காக ஒலியோடு சமரசம்.

ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் எரிபொருள். நூறு பேரைக் கொண்டுபோக கான்கார்டு குடித்த எண்ணெயில் ஜம்போ ஜெட் நானூறு பேரை இறக்கிவிடும். யானையைக் கட்டித் தீனி போட்டாலும் யானை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சாமியைச் சுமக்கும். இது சுமந்தது வங்கித் தலைவர்களையும் பாட்டுக்காரர்களையும். 1985 ஜூலை 13 அன்று பில் காலின்ஸ் லண்டனில் பாடிவிட்டு, இதில் ஏறி, அதே நாளில் ஃபிலடெல்பியா மேடையிலும் பாடினார். எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட.

2000 ஜூலை 25ஐப் பற்றி எகத்தாளமாக எழுத எதுவும் இல்லை. பாரிஸில் ஓடுபாதையில் கிடந்த உலோகப் பட்டை டயரைக் கிழித்தது, டயர்த் துண்டு எரிபொருள் தொட்டியில் மோதியது, தீப்பிடித்து கொனெஸ் என்ற ஊரில் விடுதி மேல் விழுந்தது. விமானத்தில் 109 பேர், தரையில் நான்கு பேர்.

தொட்டிக்குள் கெவ்லர் உறை போட்டார்கள், புது டயர் செய்தார்கள். சோதனைக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் ஊழியர்களை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக் மேல் ஒரு சுற்று பறந்த நாள் 2001 செப்டம்பர் 11. நவம்பரில் சேவை மறுபடி தொடங்கியபோது, நியூயார்க்குக்கு அவசரமாகப் போக வேண்டிய சீமான்களில் பலருக்கு அவசரம் போயிருந்தது.

2003 ஏப்ரல் 10. இரண்டு கம்பெனிகளும் ஒரே நாளில் அறிவித்தன: போதும். பிறகுதான் ஐயா தொடங்கியது நாடகம்.

முதலில் அழுதவர்கள் விமானப் பாதைக்குக் கீழே குடியிருந்தவர்கள். இருபத்தைந்து வருஷமாகத் தினம் கான்கார்டு கிளம்பும் நேரத்தில் பேச்சை நிறுத்தி, டீ கோப்பை தட்டில் ஆடுவதைப் பிடித்து, தெருவில் கார்களின் அலாரம் அலறுவதைச் சபித்தவர்கள். இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் எப்படிக் கடிகாரத்தைச் சரிபார்ப்பது என்று கேட்டார்கள். அடுத்து வந்தார்கள் வரிகட்டிகள்: இது எங்கள் கான்கார்டு, எங்கள் பணத்தில் கட்டியது, நிறுத்த நீ யார்? போய்வரக் கட்டணம் ஆறாயிரம் பவுண்டைத் தாண்டும் என்பதால், இவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் கான்கார்டின் வயிற்றைத்தான் பார்த்திருந்தார்கள், கீழேயிருந்து. மூன்றாவது அணி, இதெல்லாம் பிரெஞ்சுச் சதி என்றது. ஆங்கிலேயனுக்கு இந்த விளக்கம் எப்போதும் இனிக்கும். ஆனால் இந்த முறை அதில் அரைக்கால்வாசி சத்தும் இருந்தது.

விஷயம் இதுதான். விமானம் நம் கையில் இருந்தால் மட்டும் பறக்கவிட முடியாது. செய்த கம்பெனி பின்னால் நின்று, உதிரிபாகத்துக்கும் சோதனைக்கும் பொறுப்பேற்று, தகுதிச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கான்கார்டைச் செய்த கம்பெனிகளின் வாரிசு ஏர்பஸ், தலைமையகம் துலூஸ். ஏர் பிரான்ஸுக்கு இதில் நஷ்டம், விட்டால் போதும் என்றிருந்தது. அது விலகினால் ஏர்பஸின் பராமரிப்புச் செலவு மொத்தமும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தலையில். பழைய விமானங்களுக்கு இனி முட்டுக் கொடுக்க மாட்டோம் என்று ஏர்பஸ் சொல்ல, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 8.4 கோடி பவுண்டை நஷ்டக் கணக்கில் எழுதி மூடியது. 1962இல் தனியாகப் போக முடியாதபடி கட்டிய முடிச்சு, 2003இல் தனியாக இருக்கவும் விடவில்லை. மேக்மில்லன் மாப்பிள்ளை நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்.

இந்த நேரம் பார்த்து மேடையில் குதித்தார் ரிச்சர்ட் பிரான்ஸன். வர்ஜின் அட்லாண்டிக்கின் முதலாளி, பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஜென்மப் பகையாளி. முன்பொரு முறை கடற்கொள்ளைக்காரன் வேஷம் கட்டி, ஹீத்ரோ வாசலில் நின்ற கான்கார்டு மாதிரிக்குத் தன் கம்பெனி வண்ணத்தைப் போர்த்திய மகானுபாவர். நீ அரசிடம் ஒரு பவுண்டுக்குத்தானே வாங்கினாய், நானும் ஒரு பவுண்டு தருகிறேன், கொடு என்றார். கட்டி முடித்த காலத்தில் விற்காமல் கிடந்தவற்றை பிரிட்டிஷ் ஏர்வேஸ் பேருக்கு ஒரு பவுண்டு கொடுத்து வாங்கியது நிஜமாகவே நடந்ததுதான். பிரிட்டிஷ் ஏர்வேஸ் முடியாது என்றது. விமானத்துக்குப் பத்து லட்சம் என்றார். முடியாது. ஐம்பது லட்சம் என்றார். முடியாது. செலவில்லாமல் இவ்வளவு விளம்பரம் கிடைத்தால் நானும் ஒரு கோடி வரை ஏறியிருப்பேன். விற்கப் போவதில்லை என்று தெரிந்த பொருளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் விலை கேட்கலாம். ஒன்றையாவது ராஜகுடும்ப விழாக்களுக்குப் பறக்க வைத்திருக்கக்கூடாதா என்ற யோசனையும் ஏர்பஸ் கதவில் முட்டித் திரும்பியது.

இதில் வேடிக்கை, மூடப்போகிறோம் என்றதும் டிக்கெட்டுக்கு அடிதடி. சீட்டெல்லாம் நிரம்பின. இதே ஜனம் ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் மூடியிருக்கவே வேண்டாமே என்று கவுண்டரில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். சாவு வீட்டுக்குத்தானே நம் ஊரிலும் எல்லாரும் தவறாமல் வருகிறோம்.

அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. நியூயார்க்கிலிருந்து ஒன்று, எடின்பரோவிலிருந்து ஒன்று, கடல் மேல் சும்மா சுற்றிவந்தது ஒன்று என மூன்று கான்கார்டுகள் சாயங்காலம் அடுத்தடுத்து ஹீத்ரோவில் இறங்கின. சுற்றுவட்டாரச் சாலையெல்லாம் கார்கள், ஏணி, பைனாகுலர், கண்ணீர். நியூயார்க் விமானத்துக்குள் ஜோன் காலின்ஸ், டேவிட் ஃப்ராஸ்ட் என்று பெரும்புள்ளிகள். உள்ளே பாருங்கள், சரித்திரம் முடிகிற அந்தப் புனிதப் பயணத்தில், கார் விமர்சகர் ஜெரமி கிளார்க்ஸன் தன் பழைய பகையாளியான டெய்லி மிரர் ஆசிரியர் பியர்ஸ் மார்கன் மேல் ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொட்டினார். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பறந்தாலும் குழாயடிச் சண்டை குழாயடிச் சண்டைதான்.

பொறியாளர்கள் அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. சேவையின் கடைசி நாட்களில், விமானம் சூட்டில் நீண்டிருந்தபோது திறந்த அந்தச் சந்தில் தங்கள் தொப்பியைச் செருகிவிட்டார்கள். இறங்கியதும் விமானம் ஆறிச் சுருங்கிக் கவ்விக்கொண்டது. மறுபடி மாக் 2இல் பறந்தால்தான் தொப்பியை எடுக்க முடியும்.

டிசம்பர் 1 அன்று லண்டனில் ஏலம். வேகமானி, சீட், தட்டு, கரண்டி என்று எல்லாம் போயின. ஒரு மூக்குக் கூம்பு மட்டும் மூன்று லட்சம் பவுண்டைத் தாண்டியது. விமானங்கள் அருங்காட்சியகங்களுக்குப் பங்கு பிரிக்கப்பட்டன. ஒன்று ஜெர்மனியில் சின்ஸ்ஹைம் ஊரில் டியூ-144க்குப் பக்கத்தில் கூரைமேல் நிற்கிறது. உயிரோடு இருந்தபோது ஒன்றையொன்று திட்டிக்கொண்டவை, இப்போது சேர்ந்தே துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று நியூயார்க்கில், ஹட்சன் நதிக்கரையில். உள்ளே விடமாட்டோம் என்று ஆமை வேகத்தில் கார் ஓட்டிய ஊர், இப்போது அதைப் பார்க்க டிக்கெட் கிழிக்கிறது. நடுவில் 2008இல் அதைத் தற்காலிகமாக புரூக்ளினில் நிறுத்திவைத்திருந்தபோது ஒரு லாரி வந்து மோதி மூக்கைப் பெயர்த்துவிட்டது. அப்புறம் ஒட்டிவிட்டார்கள்.